‘பெயர்’ என்று எழுதினால் ‘பயெர்’ என்று காட்டுகிறீர்கள்: யுஐ டூல்கிட் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

எல்லா இயங்குதளங்களிலும் ஓடும் யுஐ டூல்கிட்டுகளை (பட்டன், உரைப்பெட்டி போன்றவற்றைத் தரும் நிரல் தொகுப்புகளை) எழுதிப் பராமரிப்பவர்களுக்கு,

உங்கள் டூல்கிட்டில் தமிழ் தப்பாக வருகிறது என்ற என் புகார் ஒன்றைப் போன வாரம் உங்களில் ஒரு குழு மூடிவிட்டது. மூடியது மனிதர்கூட இல்லை, ஒரு பாட் (தானியங்கி நிரல்). ‘60 நாட்களாக இதில் எந்த அசைவும் இல்லை, எனவே மூடப்படுகிறது’ என்று ஒரு வரி. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு உங்கள் பதிலுக்காக நான் காத்திருந்தேன். அந்த அறுபது நாள்தான் அது. அதற்கு முன்னால் உங்கள் பக்கத்திலிருந்து வந்த கடைசிக் குறிப்பு, சிக்கலான எழுத்துமுறைகளும், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைபடிப்பானுக்கான ஆதரவும் 1.0 பதிப்புக்குப் பிறகு கவனிக்கப்படும் என்றது. 1.0 வெளியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூடியதோடு பூட்டியும் வைத்துவிட்டதால் அங்கே பதில் எழுத வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எந்த டூல்கிட் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் ‘நல்ல வேளை, நாம் இல்லை’ என்று நகர்ந்துவிடுவீர்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நிரல், ஒரே தோற்றம் என்று முகப்பில் போட்டுக்கொண்டு, பட்டன் முதல் உரைப்பெட்டி வரை அனைத்தையும் தாங்களே வரைந்துகொள்ளும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது.

நான் எழுதியது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. உறுப்பினர் விவரங்களைப் பதிவு செய்ய ஒரு படிவம். கீழே ‘சேமி’ என்று ஒரு பட்டன். அலுவலகத்தில் சிலரிடம் விண்டோஸ், சிலரிடம் மேக், ஒருவரிடம் லினக்ஸ் இருந்ததால் உங்கள் டூல்கிட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று கணினியிலும் ஒரே நிழல், ஒரே வளைவு, ஸ்க்ரோல் செய்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்புறம் லேபிள்களைத் தமிழாக்கினேன்.

முதல் லேபிள் ‘பெயர்’. திரையில் வந்தது ‘பயெர்’.

இது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடு, தமிழ் எழுத்துகளை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ‘பெ’ என்பதில் முதலில் ப, அதன் பின்னால் ஒற்றைக்கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி பகரத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். இப்படி இடம் மாற்றுவது, இணைப்பது, வடிவம் மாற்றுவது எல்லாம் சேர்ந்ததுதான் ஷேப்பிங். உங்கள் டூல்கிட் அந்த வேலையையே தொடவில்லை. சேமித்த வரிசையில் ப, கொம்பு, ய என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. பாவம், கொம்பு போய் யகரத்தோடு சேர்ந்துகொண்டது. அடுத்த லேபிள் ‘தொலைபேசி’. அது என்ன கோலத்தில் வந்தது என்பதை இங்கே அடித்துக்காட்ட வழியில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த எடிட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடுகிறது.

புகார் கொடுத்தேன். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள் என்றீர்கள். நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்து நான்குக்கும் படம் போட்டேன். பிறகு உங்களில் ஒருவர், ‘என் கணினியில் தமிழ் சரியாக வருகிறதே’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். அந்தப் படத்திலும் ‘பயெர்’ என்றுதான் இருந்தது. படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் தமிழ்தானே. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைச் சரி என்று சான்று கொடுத்து, அதன் அடிப்படையில் புகாரின் முன்னுரிமையைக் குறைத்தது எந்த விதத்தில் நியாயம்?

காட்டுவதாவது ஒரு பக்கம். உள்ளே எழுத முயன்றபோதுதான் நிஜமான கூத்து. 1999ல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில்தான் நான் தட்டச்சு செய்கிறேன். அதில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசை போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளியை விசைப்பலகையே வைக்கும். மெய்க்குப் பின்னால் ஆ வந்தால் காலாக மாற்றும். இதைச் செய்ய கர்சருக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அதற்குத் தெரியவேண்டும். அதை உரைப்பெட்டியிடம் கேட்கும், அல்லது எழுதிக்கொண்டிருக்கும் துண்டை இன்னும் முடியவில்லை என்று அடிக்கோடிட்டுத் தன் கையில் வைத்திருக்கும். உங்கள் உரைப்பெட்டிக்கு இந்த இரண்டு பேச்சும் புரியாது. விசை அமுங்கியது, எழுத்து வந்தது, அவ்வளவுதான் அதன் உலகம். விண்டோஸில் எனக்குக் கிடைத்தது ‘அமமஆ’. மேக்கில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை வந்தது. லினக்ஸில் ஒன்றுமே வரவில்லை. மூன்று தளத்திலும் ஒரே அனுபவம் என்ற வாக்குறுதியையாவது காப்பாற்றியிருக்கலாம்.

இந்தப் பேச்சை நடத்த ஒவ்வொரு தளத்திலும் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் டெக்ஸ்ட் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க், மேக்கில் என்எஸ்டெக்ஸ்ட்இன்புட்கிளையன்ட், லினக்ஸில் ஐபஸ், ஃபிசிட்எக்ஸ் போன்றவை, லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில் அதற்கென்றே ஒரு புரோட்டோகால். மூன்றும் மூன்று விதம், ஒவ்வொன்றும் தலைவலி. ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தலைவலியை எங்களுக்காக நீங்கள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லித்தானே டூல்கிட் என்ற ஒன்றைத் தருகிறீர்கள்? இது தமிழுக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. இந்த வழியைப் பாதி மட்டும் இணைத்த டூல்கிட்டுகளில் ஜப்பானியர் எழுதும்போது, கான்ஜி என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டியல் கர்சருக்குக் கீழே வராமல் திரையின் மூலையில் போய் நிற்கும். எழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிக்கு ஒரு விசை, எழுத்துக்கு ஒரு விசை என்று அழுத்தி எழுதும் பிரெஞ்சுக்காரரும் மாட்டிக்கொள்வார்.

எழுத்து எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘பெயர்’ என்பது நமக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறியீடு. யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் 15 பைட். உங்கள் உரைப்பெட்டியில் அதிகபட்ச நீளம் 20 என்று வைத்தேன். ஆறு குறியீடு தாண்டியதும் நின்றுவிட்டது, ஏனென்றால் நீங்கள் எண்ணியது பைட்டை. ‘அம்மா’ என்று இருந்தால் கர்சரோ மகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் போய் நிற்கிறது. அங்கே நின்று ஒரு எழுத்தைச் செருகினால் புள்ளி அனாதையாகிறது.

சரி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாத விஷயமா என்றால், அதுவும் இல்லை. குடும்ப ஈமோஜி தனித்தனி முகங்களாகப் பிரிந்து வருகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். அம்மா, அப்பா, குழந்தை என்று பல குறியீடுகளை இணைத்து ஒரே படமாகக் காட்டவேண்டிய ஈமோஜி அது. கொள்கையளவில் நான் கேட்பதும் அதுதான். இரண்டே நாளில் ஈமோஜிக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் எழுதிச் சரிசெய்துவிட்டீர்கள். யூனிகோடின் முதல் பதிப்பு 1991ல் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. ஈமோஜி அப்போது யூனிகோடுக்குள்ளேயே வரவில்லை.

இதுவரை சொன்னது என் எரிச்சல். இனிமேல் சொல்லப்போவது வேறு.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் பார்வையற்றவர். என்விடிஏ என்ற திரைபடிப்பானை வைத்துத்தான் விண்டோஸில் எல்லா வேலையும் பார்க்கிறார்; என்னைவிட வேகமாகவே பார்க்கிறார். புதிய படிவத்தை அவர் கணினியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். திறந்தார். சாளரத்தின் தலைப்பைப் படித்தது. டேப் அழுத்தினார். மௌனம். மறுபடி டேப். மறுபடி. திரையில் நீலக் கட்டம் ஒவ்வொரு பெட்டியாக அழகாக நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அது தெரிந்தது. பதினோராவது டேப்புக்கு அப்புறம், ‘புரோகிராம் ஹேங் ஆயிடுச்சா சார்?’ என்று கேட்டார்.

என்ன சொல்வேன்? பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த பழைய படிவத்தைத் திறந்துகாட்டினார். சாம்பல் நிறம், கோணல்மாணலான இடைவெளி, பார்க்கச் சகிக்காது. ஆனால் அதில் இருந்தவை விண்டோஸ் தரும் சொந்தப் பெட்டிகள். டேப் அழுத்த அழுத்தப் பெட்டியின் பெயரையும், அதற்குள் என்ன இருக்கிறது என்பதையும், அடுத்தது பட்டன் என்பதையும் திரைபடிப்பான் சொல்லிக்கொண்டே போனது. ‘பழசே இருக்கட்டும் சார், இது பேசுது’ என்றார். ஒரு வருட வேலை அங்கே முடிந்தது.

திரைபடிப்பான் திரையைப் ‘பார்ப்பதில்லை’. இங்கே என்னென்ன இருக்கிறது, எது பட்டன், அதன் பெயர் என்ன என்று இயங்குதளம் வழியாக நிரலைக் கேட்கிறது. விண்டோஸில் யுஐ ஆட்டோமேஷன், மேக்கில் என்எஸ்ஆக்சசிபிலிட்டி, லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ. இயங்குதளத்தின் சொந்தப் பட்டனாக இருந்தால் அதுவே பதில் சொல்லிக்கொள்ளும். நீங்களே வரைந்தால், கேட்கிறவனுக்கு அது ஒரு பெரிய படம் மட்டுமே. படத்துக்குள் பட்டன் இருப்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். நீங்கள் சொல்லவில்லை.

நீங்களே வரைவதை நான் தப்பு என்று சொல்லவில்லை. 1992லிருந்து இருக்கும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற டூல்கிட் போல, அந்தந்தத் தளத்தின் சொந்தப் பெட்டிகளையே வாங்கிப் பயன்படுத்தும் பாதையில் இந்தத் தொல்லை குறைவு. அதற்கு விலையாக மூன்று தளத்திலும் மூன்று உயரத்தில் பட்டன் வரும், மூன்றுக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்துக் காலம் தள்ளவேண்டும். ஜாவா மொழி 1996ல் ஏடபிள்யூடி என்ற டூல்கிட்டோடு வந்து பட்ட அவதியும் அதுதான். 1998ல் ஜாவாவின் அடுத்த டூல்கிட்டான ஸ்விங் எல்லாவற்றையும் தானே வரைய ஆரம்பித்தபோது, திரைபடிப்பானுக்கான இடைமுகத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அது விண்டோஸில் தடுமாறியது உண்மை, ஆனாலும் வடிவமைப்பில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. ஜிடிகே என்ற டூல்கிட்டின் 2.0 பதிப்பு வந்தது 2002ல். சிக்கலான எழுத்துமுறைகளுக்காகப் பாங்கோ, திரைபடிப்பான் போன்றவற்றுக்காக ஏடிகே என்று இரண்டு நிரல் நூலகங்களையும் சேர்த்துக்கொண்டுதான் வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் முடிந்த காரியத்தைத்தான் நீங்கள் எதிர்காலத் திட்டம் என்கிறீர்கள்.

செயலிக்குள் பிரவுசரையே வைத்துத் தரும் எலக்ட்ரானை நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு குறிப்பேடு செயலிக்குள் ஒரு முழு பிரவுசரா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது சிரிப்பதில்லை. அந்தக் கனமான பிரவுசருக்குள் ஷேப்பிங் இருக்கிறது, தமிழ்99 வேலை செய்கிறது, திரைபடிப்பான் பேசுகிறது. இலேசாக இருக்கிறோம் என்று நீங்கள் பெருமைப்படுவதில் எவ்வளவு நல்ல நிரல் எழுதியதால் வந்தது, எவ்வளவு எங்களை வெளியே விட்டதால் வந்தது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாவற்றையும் புதிதாக வரைகிறோம், எங்களிடம் நிலையான பட்டன் என்ற ஒன்றே இல்லை, அதனால் முடியாது என்றார் ஒருவர். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஈகூயி என்ற டூல்கிட் அதே முறையில்தான் இயங்குகிறது. 2022 டிசம்பரில், திரைபடிப்பானுக்குப் பதில் சொல்லும் ஆக்சஸ்கிட்டை அதில் இணைத்தார்கள். தானே வரைந்துகொள்ளும் டூல்கிட்டுகளுக்காகவே எழுதப்பட்ட கட்டற்ற நூலகம் அது. ஷேப்பிங்குக்கு ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபீஸ் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கின்றன. யாரும் உங்களைப் புதிதாகக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

இலவசமாகத் தருகிறோம், வேண்டுமென்றால் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புங்கள் என்றார் இன்னொருவர். அனுப்பினேன். ஹார்ஃப்பஸை இணைத்து, லேபிளுக்கு மட்டும் ஷேப்பிங் செய்யும் பேட்ச். வெளி நூலகம் ஒன்று கூடுகிறது, கோப்பின் அளவு கூடும் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூன்று மாதம் கிடப்பில் போட்டீர்கள். அதே மூன்று மாதத்தில் சாளரத்துக்குப் பின்னால் மங்கலான கண்ணாடித் தோற்றம் சேர்ந்தது. அதற்கு அளவு கூடவில்லையா?

‘1.0க்குப் பிறகு’ என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஒரு குறியீடு ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டு உரைப்பெட்டியைக் கட்டி, அதன்மேல் கர்சர், தேர்வு, நகலெடுப்பு, நீள வரம்பு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ஏபிஐயை, அதாவது எங்கள் நிரல் உங்கள் டூல்கிட்டைக் கூப்பிடும் முறையை, மாற்றமாட்டோம் என்று 1.0 முத்திரையும் குத்தியாகிவிட்டது. இனி அடித்தளத்தைத் தோண்டினால் மேலே உள்ளதெல்லாம் உடையும். உங்கள் குழுவிலேயே ஒருவர் வேறொரு புகாரில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்பதற்குக் காரணம் அதுதான். மேக்கில் ஓகே பட்டன் வலப்பக்கம் வரவேண்டியது, கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை, மெனு திரையின் உச்சியில் போகவேண்டியது போன்ற குறைகளும் உங்கள் டூல்கிட்டில் உண்டு. அவற்றைப் பிறகு திருத்தலாம், நானும் பொறுத்துக்கொள்வேன்.

இனி நான் கேட்பவை.

மூடிய புகாரைத் திறங்கள். எழுத்து, உள்ளீடு, திரைபடிப்பான் சம்பந்தப்பட்ட எந்தப் புகாரையும் பாட் மூடாதபடி அமைப்பை மாற்றுங்கள். மூடவேண்டுமென்றால் ஒரு மனிதர், காரணம் எழுதி, மூடட்டும்.

உங்கள் முகப்பில் மூன்று தளங்களின் சின்னத்துக்குக் கீழேயே எது இல்லை என்பதையும் எழுதுங்கள். எந்த எழுத்துமுறைகள் சரியாக வராது, எந்தத் தளத்தில் உள்ளீட்டு முறைகள் வேலை செய்யாது, திரைபடிப்பான் பேசுமா பேசாதா. இதற்கு ஒரு வரி நிரல்கூட எழுதவேண்டாம், இன்றைக்கே செய்யலாம். இதை முன்பே எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த பெரிய பதிப்பில் ஷேப்பிங்கைக் கொண்டுவாருங்கள். ஹார்ஃப்பஸ் பிடிக்காவிட்டால் விண்டோஸின் டைரக்ட்ரைட், மேக்கின் கோர்டெக்ஸ்ட் என்று அந்தந்தத் தளத்தில் இருப்பதையே கூப்பிடுங்கள். கர்சர் நகர்வையும் நீள வரம்பையும் பைட்டில் எண்ணாமல், படிப்பவர் எழுத்து என்று கருதும் அலகில் எண்ணுங்கள். அதற்கான விதிகளை யூனிகோடு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அது முடியும்வரை, நீங்கள் வரையும் சாளரத்துக்குள் இயங்குதளத்தின் சொந்த உரைப்பெட்டியை வைத்துக்கொள்ள எங்களுக்கு ஒரு வழி விடுங்கள். தோற்றம் ஒட்டாமல் இருக்கும். பரவாயில்லை.

ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாலும் உங்களில் ஒருவர் மானிட்டரை அணைத்துவிட்டு, உங்களுடைய மாதிரிப் படிவத்தை விசைப்பலகையால் நிரப்பிச் சேமித்துப் பார்க்கவேண்டும். விண்டோஸில் நரேட்டரும் மேக்கில் வாய்ஸ்ஓவரும் கூடவே வருகின்றன, லினக்ஸில் ஆர்கா இலவசம். சேமிக்க முடியவில்லை என்றால் ரிலீஸ் போகக்கூடாது.

தமிழைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றால் நான் இருக்கிறேன். பெயர், அம்மா, தொலைபேசி, ஸ்ரீ என்று தொடங்கி ஒரு சோதனைப் பட்டியல் தயாராக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எப்படித் தெரியவேண்டும் என்பதற்குப் படமும் உண்டு. வேறு மொழிக்காரர்களும் இதேபோல முன்வந்திருப்பது உங்கள் பழைய புகார்களிலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். என் பேட்சையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது என்ன குறை என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

பதிலை என் புகாரின் கீழேயே எழுதலாம். பூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.